கழுத்து, தோள்பட்டை வலிக்கு மசாஜ் போனா கேக்குமா? என்ன எதிர்பாக்கலாம்? வட சென்னைக்காரங்க சொல்லுங்க

கொருக்குப்பேட்டை_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 42 வயசு, வீட்லயே பவர் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். சாதா நாள்ல சாயங்காலத்தோட முடிஞ்சிரும், முகூர்த்த சீசன்னா நைட்டு பதினோரு மணி வரைக்கும் ஓடும். ஆறேழு மாசமா பின்கழுத்துலேந்து வலது தோள்பட்டை, அதுக்குக் கீழ அந்த சப்பை எலும்பு ஓரம் வரைக்கும் இறுகிப் போயிருக்கு, சாயங்காலம் ஆனா தலைவலியும் சேந்துக்குது. ஊசில நூல் கோக்க, ஹூக் வெக்க, அதுக்கெல்லாம் ரொம்ப குனிய வேண்டியிருக்கு, அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரில காட்டினேன். எக்ஸ்ரே பாத்துட்டு எலும்புல ஒண்ணும் இல்லம்மா, தசைப்பிடிப்புதான், பிசியோ போங்கன்னு எழுதிக் குடுத்தாங்க, கூட வலி மாத்திரை. மாத்திரை போட்டா அடங்குது, விட்டா திரும்பி வருது. பிசியோவுக்குப் பகல்ல போனா அன்னிக்கு வேலை போச்சு, அதனால தள்ளிப் போட்டுட்டே இருக்கேன்.

இப்ப வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. காசிமேட்டுல சுளுக்கு வழிக்கிறவர் ஒருத்தர் இருக்காரு ரெண்டு வாட்டி உருவினா போயிடும்னு மாமியார் சொல்றாங்க, தங்கச்சி அண்ணா நகர்ல ஸ்பாவுக்கு வான்றா, பக்கத்து வீட்டு அக்கா அரும்பாக்கம் சித்தா ஆஸ்பத்திரி போன்றாங்க. நான் வாழ்க்கைல மசாஜ் போனதே இல்ல. நிஜமாவே சரியாகுமா இல்ல அன்னிக்கு மட்டும்தானா? ரொம்ப வலிக்குமா? எத்தனை வாட்டி போகணும்? டிரஸ் கழட்டணுமா, லேடீஸ் இருப்பாங்களா? இதக் கேக்கவே கூச்சமா இருக்கு, அதான் இங்க கேக்குறேன்.

எங்க அம்மாவும் கூட இருக்காங்க, சுகர் பேஷன்ட், முட்டி வலி. உனக்குப் பாக்குற எடத்துல எனக்கும் சேத்துப் பாருன்றாங்க.

பெரம்பூர்_பிசியோ:

சிஸ்டர், கூச்சப்பட ஒண்ணுமே இல்ல, முதல் தடவ வர்றவங்க எல்லாரும் மனசுக்குள்ள வெச்சிருக்குற கேள்விங்கதான் இது, பாதிப் பேர் கேக்காமலே பயந்து போயிடுறாங்க. நான் பி.பி.டி, அதாவது பிசியோதெரபி டிகிரி முடிச்சிட்டு பெரம்பூர்ல கிளினிக் வெச்சிருக்கேன், எங்கிட்ட வர்றவங்கள்ல தையல் வேலை, எம்.சி. ரோடு துணிக்கடை, ஹார்பர் லோடு வேலை பாக்குறவங்கதான் அதிகம்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். மசாஜ் வலியக் குறைக்கும், அது உண்மை. ஆனா அந்த நிம்மதி சில மணி நேரமோ ரெண்டு மூணு நாளோதான். அந்த ரெண்டு நாள்ல கழுத்து லேசா இருக்கும்போது நீங்க என்ன பண்றீங்கன்றதுதான் முக்கியம். பயிற்சி ஆரம்பிச்சு, உக்கார்ற விதத்த மாத்தினா வலி திரும்பி வர்றது குறையும். அப்படியே போய் மறுபடி பத்து மணி நேரம் குனிஞ்சு தைச்சா, யாரு கை வெச்சாலும் ஒரு வாரத்துல பழைய எடத்துக்கே வந்துரும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023ல ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க, அதுல கூட மசாஜ் இருக்கு, ஆனா உடற்பயிற்சி, நோயாளிக்கு விஷயத்தப் புரிய வெக்கிறதுன்னு மத்ததோட சேத்துதான் இருக்கு.

அது எப்படி வேலை செய்யுதுன்னா, நாம நினைக்கிற மாதிரி உள்ள நகந்து போன எதையோ தள்ளி எடத்துல வெக்கிறது இல்ல. அழுத்துற, தேய்க்குற உணர்ச்சி நரம்பு வழியா போறப்ப வலி சேதி மேல போறது தணியுது, இத 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு கொள்கையா சொன்னாங்க, எங்கயாவது இடிச்சிக்கிட்டா உடனே அந்த எடத்த கையால தேய்க்குறோமே, அது கேக்குறதும் இதனாலதான். கூடவே உடம்பு தளருது, மூச்சு நிதானமாகுது, அன்னிக்கு நல்லாத் தூக்கம் வருது. வலியோட இருக்கவங்களுக்கு ஒரு ராத்திரி நல்ல தூக்கம்ன்றது சின்ன விஷயம் இல்ல. டிஸ்க்க உள்ள தள்ளிட்டேன், நரம்ப ஏத்திட்டேன், எலும்ப செட் பண்ணிட்டேன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, அது கையால நடக்குற வேலை இல்ல.

போனா என்ன நடக்கும்னா, முறையான எடமா இருந்தா முதல்ல கை வெக்கவே மாட்டாங்க, பேசுவாங்க. எப்பலேந்து வலி, கை மரத்துப் போகுதா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, சுகர், பிரஷர் இருக்கா, ஆபரேஷன் எதாவது ஆச்சா, எல்லாம் கேப்பாங்க. கழுத்தத் திருப்பச் சொல்லி, கையத் தூக்கச் சொல்லிப் பாப்பாங்க. இது எதுவுமே கேக்காம நேரா குப்புறப் படுங்கன்னா அங்கேந்து கிளம்பிடுங்க. கழுத்து, தோள்பட்டைக்கு முழுசா டிரஸ் கழட்ட வேண்டியதே இல்ல, பின்பக்கம் ஹூக் வெச்ச பிளவுஸோ லூஸான சட்டையோ போட்டுட்டுப் போனா போதும், தேவைப்படுற எடம் தவிர மத்தத துணியால மூடித்தான் வெப்பாங்க. லேடி தெரபிஸ்ட் வேணும்னு போன்லயே கேட்டுட்டுப் போங்க, அது உங்க உரிமை. கூட ஒருத்தர் ரூம்ல இருக்கட்டும்னாலும் சொல்லலாம். நடுவுல வேணாம்னு தோணினா நிறுத்தச் சொல்லுங்க, காசு குடுத்துட்டோமேன்னு பல்லக் கடிச்சிட்டு இருக்காதீங்க.

வலிக்குமான்னு கேட்டீங்க. இறுகின எடத்துல அழுத்தும்போது ஒரு வலி வரும், ஆனா அது ஆங், அங்கதான்னு சொல்ற மாதிரி சுகமான வலி. மூச்சப் பிடிச்சு உடம்ப முறுக்கிக்கிற அளவுக்குப் போனா அது ஜாஸ்தி, வலி அதிகமா குடுத்தா பலன் அதிகம்ன்றது தப்பு. மறுநாள் லேசா அடிபட்ட மாதிரி இருக்கலாம், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். அதுக்கு மேல இருந்தாலோ தோல்ல நீலம் பூத்தாலோ அழுத்தம் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம், அடுத்த வாட்டி சொல்லிடுங்க.

எத்தனை வாட்டின்னா, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு நாலு வாட்டி போய்ப் பாருங்க, கூடவே பயிற்சியும் செய்யுங்க. நாலு வாட்டிக்கு அப்புறமும் துளி மாத்தம் இல்லன்னா அதே மசாஜ இன்னும் இருபது சிட்டிங் பேக்கேஜா வாங்குறதுல அர்த்தமே இல்ல, வேற காரணம் தேடணும்.

கை விரல் மரத்துப் போறது, கத்தரிக்கோல் கைலேந்து நழுவுறது, நடை தள்ளாடுறது, ஜுரம், காரணமே இல்லாம எடை குறையுறது, ராத்திரி தூக்கத்துலேந்து எழுப்புற வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் மசாஜ் பக்கமே போகாம டாக்டர்கிட்ட போங்க. இடுப்பு வலியோட ஒண்ணுக்குப் போக முடியலன்னாலோ, உக்கார்ற எடம் மரத்தாலோ அன்னிக்கே எமர்ஜென்சி. தோள்பட்டை, தாடை, கை வலி நடக்கும்போதோ படியேறும்போதோ வந்து வேர்த்துக் கொட்டினா அது நெஞ்சு சம்பந்தப்பட்டதா இருக்கலாம், தைலம் தேச்சிட்டு உக்காராதீங்க.

காசிமேடு_வலை:

பிசியோ அண்ணன் சொன்னது கரெக்ட், ஆனா சுளுக்கு வழிக்கிறவங்களப் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும். எங்கப்பா போட்டுக்குப் போனவர், வலை இழுத்து இழுத்து தோள்பட்டை போயிட்டே இருக்கும், எங்க தெருவுல ஒரு பெரியவர்தான் நல்லெண்ணெய் காய்ச்சி உருவி விடுவாரு. அவரு கை பட்டா அப்பா அன்னிக்கு அசந்து தூங்குவாரு, அத நான் கண்ணால பாத்திருக்கேன், படிக்காதவங்க பண்றது எல்லாம் டூப்புன்னு யாராவது சொன்னா என்னால ஒத்துக்க முடியாது.

அந்தப் பெரியவர்கிட்ட எனக்குப் பிடிச்சது இன்னான்னா எதத் தொடக்கூடாதுன்னு அவருக்குத் தெரியும். ஒரு வாட்டி எங்க சித்தப்பா போட்டுல வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி வந்தாரு, பெரியவர் விரலால லேசா தொட்டுப் பாத்தாரு, இது எலும்பு, நான் கை வெக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போன்னாரு. போய் எக்ஸ்ரே எடுத்தா விரிசல். ஆனா எல்லாரும் அவரு மாதிரி இல்ல. வீங்கி செவந்து போன எடத்த முறுக்கி இழுக்குறவங்களும் நம்ம ஏரியால இருக்காங்க. நீங்க போறதுன்னா, உங்களுக்கு அடிபடல, எக்ஸ்ரேவும் பாத்தாச்சு, எண்ணெய் போட்டு நீவி விடச் சொல்லுங்க, கழுத்த மட்டும் சடக்குன்னு திருப்ப விடாதீங்க. சலூன்ல முடி வெட்டிட்டு தலையப் புடிச்சு நெட்டி முறிக்கிறாங்க பாருங்க, அதுவும் வேணாம்.

பெரம்பூர்_பிசியோ:

இந்தக் கடைசி விஷயத்த நானே எழுதணும்னு இருந்தேன், நன்றி தம்பி. கழுத்து எலும்புக்குள்ள ரெண்டு பக்கமும் மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஓடுது. வேகமா முறுக்கித் திருப்பும்போது அந்தக் குழாயோட உள் சுவர் கிழிஞ்சு, அங்க ரத்தம் கட்டி ஸ்ட்ரோக் வந்த கேஸ் மருத்துவப் பத்திரிகைங்கள்ல பதிவாயிருக்கு. அபூர்வம்தான், ஆனா ஒரு சத்தம் கேக்குற சுகத்துக்காக இந்த ரிஸ்க் எதுக்கு? அந்த சடக் சத்தம் எலும்பு எடத்துல உக்கார்ற சத்தமும் இல்ல, மூட்டுக்குள்ள இருக்குற திரவத்துல குமிழி உண்டாகுறதுதான்.

ராயபுரம்_லதா:

கொருக்குப்பேட்டை அக்கா, உங்க அம்மா சுகர் பேஷன்ட்னு எழுதியிருக்கீங்க, அதுக்காகத்தான் லாகின் பண்ணி எழுதுறேன். எங்கம்மாவுக்கு இருபது வருஷமா சுகர். கால் வலின்னு சொன்னதும் தெரிஞ்ச ஒருத்தங்க வந்து மணல வறுத்து துணில கட்டி ஒத்தடம் குடுத்தாங்க, நல்ல மனசுலதான் குடுத்தாங்க. அம்மா இன்னும் கொஞ்சம் சூடா வையின்னாங்களாம். சுகர்னால பாதத்துல, கணுக்கால்ல உணர்ச்சி கம்மியாயிருந்தது எங்க யாருக்குமே தெரியாது. மறுநாள் கொப்புளம், அது புண்ணாகி, ஆற மாசக்கணக்காச்சு, விரல் போயிடுமோன்னு நாங்க பயந்த பயம் எங்களுக்குத்தான் தெரியும்.

தயவு செஞ்சு அம்மாவுக்கு சூடு எதுவும் வெக்குறதுக்கு முன்னாடி பாதத்துல தொட்டா தெரியுதான்னு டாக்டர்கிட்ட ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க, ஒரு மெல்லிசு நைலான் இழையால லேசா தொட்டு அழுத்திப் பாப்பாங்க, ரெண்டு நிமிஷ வேலை. எண்ணெய் சூட்ட உங்க முழங்கையில தொட்டுப் பாருங்க, அம்மாவ வெச்சு சூடு பாக்காதீங்க, அவங்களுக்குத் தெரியாது.

கொருக்குப்பேட்டை_தையல்:

எல்லாரும் இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. லதா, படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, அம்மாவுக்கு இப்பல்லாம் செருப்பு கழண்டு போறதே தெரியலன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அது இதுதானா?

இன்னும் ரெண்டு கேள்வி. ஸ்பால போனா உடம்புல இருக்குற நச்செல்லாம் வெளிய வந்துரும், அதனால நிறைய தண்ணி குடிக்கணும்னு தங்கச்சி சொல்றா, உண்மையா? அப்புறம் அரும்பாக்கம் போனவங்க யாராவது இருக்கீங்களா, அங்க எப்படி?

வியாசர்பாடி_77:

நான் அரும்பாக்கம் போயிருக்கேன் மேடம், இடுப்பு வலிக்கு. அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, அண்ணா ஆர்ச் பக்கத்துலயே. கவர்மென்ட் ஆஸ்பத்திரி, காலைல ஓபி, சீக்கிரம் போனா நல்லது. சித்தா டாக்டர் நாடி பாத்து, நாக்கு பாத்து, பழைய ரிப்போர்ட் எல்லாம் வாங்கிப் பாத்தாரு, எக்ஸ்ரே, பிளட் ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டுப் போங்க. அங்க மசாஜ தொக்கணம்னு சொல்றாங்க. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல்னு ஒம்போது வகை சித்த மருத்துவத்துல இருக்குன்னு அந்த டாக்டர் எடுத்துச் சொன்னாரு, எல்லாருக்கும் எல்லாம் செய்ய மாட்டாங்க, ஆளப் பாத்துதான். எனக்கு தைலம் போட்டு அழுத்தல், பிடித்தல், அப்புறம் ஒத்தடம். பொம்பளைங்களுக்கு தனியா பொம்பளைங்கதான் பண்ணாங்க.

எனக்கு நல்ல நிம்மதி கிடைச்சுது, ஆனா முழுசா போகல, நடைப்பயிற்சியும் டாக்டர் சொல்லிக் குடுத்த ஆசனமும் விடாம செய்யும்போதுதான் குறைஞ்சிருக்கு. உங்களுக்கு தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஒரு வழி, பீச்லேந்து தாம்பரம் வண்டி ஏறி சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே, தூரம்தான் ஆனா மாறி மாறி பஸ் ஏற வேணாம். தைலத்த கடைல பேர் கேட்டு நீங்களா வாங்காதீங்க. தோல் ஒத்துக்குதான்னு அவங்க பாத்து குடுக்கட்டும்.

பெரம்பூர்_பிசியோ:

நச்சு வெளிய வர்றதுன்னு ஒண்ணு இல்ல சிஸ்டர். அந்த வேலைய கல்லீரலும் கிட்னியும் எப்பவும் பண்ணிட்டுதான் இருக்கு, கையால பிழிஞ்சு எடுக்க முடியாது. லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்குன்னும் சொல்வாங்க, அது வேலை முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள தானாவே போயிடுற சமாச்சாரம். தண்ணி தாகத்துக்குக் குடிங்க. ஸ்பாவுக்குப் போறது தப்பில்ல, ஓய்வுக்கு நல்லது, ஆனா அங்க போடுற காசுக்கு யாரும் உங்க கழுத்த ஆராய மாட்டாங்க. ஸ்டான்லில எழுதிக் குடுத்த பிசியோ சீட்டு கைல இருக்குல்ல, அது ஃப்ரீ, மொதல்ல அத யூஸ் பண்ணுங்க. ரெண்டு மூணு வாட்டி போய் பயிற்சியக் கத்துக்கிட்டா மிச்சத்த வீட்லயே செய்யலாம், தினமும் வேலைய விட வேண்டியதில்ல. வீட்ல யாராவது இ.எஸ்.ஐ-ல இருந்து உங்க பேரும் அதுல இருந்தா அயனாவரம் ஆஸ்பத்திரிலயும் கேளுங்க.

நீங்க எழுதினதுல ஒரு வரி எனக்கு உறுத்திட்டே இருந்துது. 42 வயசு, நூல் கோக்க ரொம்ப குனியுறேன்னு எழுதியிருக்கீங்க. கண்ணு டெஸ்ட் பண்ணீங்களா? நாப்பதுக்கு மேல கிட்ட இருக்குறது மங்கலாத் தெரியுறது எல்லாருக்கும் வர்றது, நாம அத உணராம தலைய முன்னாடி நீட்டி நீட்டிப் பாக்குறோம், சாயங்காலத் தலைவலிக்கும் அது காரணமா இருக்கலாம். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி இருக்கே, 1819லேந்து இருக்குறது, அங்க ஒரு நாள் போயிட்டு வாங்க. ஒரு ரீடிங் கிளாஸ் போட்டு, ஊசி பக்கத்துல ஒரு நல்ல எல்.இ.டி லைட் வெச்சு, ஸ்டூலுக்குப் பதிலா முதுகு சாயுற நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க. அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு தோள பின்பக்கமா பத்து வாட்டி சுத்துங்க. கல்லி கிரிக்கெட் ஆடுற ரப்பர் பந்து இருந்தா சுவத்துக்கும் சப்பை எலும்பு ஓரத்துக்கும் நடுவுல வெச்சு சாஞ்சு மெதுவா உருட்டுங்க, ஒரு எடத்துல அரை நிமிஷம் போதும், நடு முதுகெலும்பு மேல மட்டும் வெக்காதீங்க.

அம்மாவுக்கு செருப்பு கழண்டு போறது தெரியலன்னா லதா சொன்னதேதான், பாத டெஸ்ட் பண்ணியே ஆகணும். வெறுங்கால்ல நடக்க விடாதீங்க.

கொருக்குப்பேட்டை_தையல்:

கண்ணப் பத்தி நான் யோசிக்கவே இல்ல அண்ணா. அம்மா விஷயத்துல இன்னொண்ணு, இப்ப கால தூக்கிப் பாத்தேன், வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கு, தொட்டா சூடா இருக்கு. போன வாரம் வேளாங்கண்ணி போயிட்டு பஸ்லயே ராத்திரி பூரா உக்காந்து வந்தாங்க. நாளைக்கு மாமியார் சொன்னவர வரச்சொல்லியிருக்கோம், உருவி விட்டா வீக்கம் வடியுமா?

பெரம்பூர்_பிசியோ:

வேணாம் சிஸ்டர், யாரும் கை வெக்க வேணாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, நீளப் பயணத்துக்கு அப்புறம்னா ஆழ்ந்த ரத்தநாளத்துல ரத்தம் கட்டியிருக்கலாம். அத உருவினா கட்டி நகந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே, இப்பவே ஸ்டான்லி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, ரத்தநாளத்துல ரத்தம் ஓடுதான்னு பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ 108க்கு அடிங்க.

கொருக்குப்பேட்டை_தையல்:

நேத்து ராத்திரியே போயிட்டோம். டாப்ளர் எடுத்துட்டாங்க, ரத்தக்கட்டி இல்ல. முட்டிக்குப் பின்னாடி நீர்க்கட்டி இருந்து அது கசிஞ்சு கெண்டைக்கால்ல இறங்கியிருக்காம், முட்டித் தேய்மானத்தால வர்றதாம். மாத்திரை குடுத்து திங்கக்கிழமை எலும்பு ஓபி வரச் சொல்லியிருக்காங்க. வர்றேன்னு சொன்னவர வேணாம்னுட்டோம், மாமியாரே போன் பண்ணி சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு இனிமே மசாஜே கூடாதா?

பெரம்பூர்_பிசியோ:

நல்ல வேளை. ரெண்டும் வெளிய ஒரே மாதிரிதான் தெரியும், ஸ்கேன் இல்லாம யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. மசாஜே கூடாதுன்னு இல்ல. வீக்கம் முழுசா வடிஞ்சு, எலும்பு டாக்டர் சரின்னு சொன்னப்புறம் தொடைக்கு மட்டும் லேசா எண்ணெய் தடவி விடலாம், முட்டிக்குப் பின்னாடி குழியில அழுத்தவே கூடாது. அதவிட, நாற்காலில உக்காந்து கால நேரா நீட்டி அஞ்சு செகண்ட் நிறுத்தி இறக்குற பயிற்சி முட்டிக்கு ரொம்ப நல்லது, எப்ப ஆரம்பிக்கலாம்னு திங்கக்கிழமை அவங்ககிட்டயே கேளுங்க. அன்னிக்கே அம்மாவோட பாத உணர்ச்சி டெஸ்டும் கேட்டுடுங்க, உங்க பிசியோ சீட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, ஒரே நாள்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்.